கிளியும் இளம் அறிவியலாளரும்

மாணாக்கரை எட்டு உவமைகளால் வகைப்படுத்திய பவணந்தி முனிவர் கிளிக்கு இடைநிலையையே கொடுத்தார். நன்னூற் பாயிரத்தில் அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்க்கு உவமை. கற்பித்ததைக் கிளி பிழையின்றிச் சொல்லும். ஆதலின் அது கடையிடத்திற்குச் செல்லவில்லை. கற்பித்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது. ஆதலின் தலையிடமும் அதற்குக் கிட்டவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பெற்ற இவ்வரிசையை மனத்திற்கொண்டு, இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் ‘இளம் அறிவியலாளர்’ என்ற பெயரால் நடைபெறும் பயிற்சிகளை நோக்கினால் ஓர் ஐயம் எழுகின்றது. கிளியை நாம் தலையிடத்திற்கு உயர்த்திவிட்டோமோ என்பதே அவ்வையம்.

அறிவியல் விழாக்களும் புத்தாக்கப் போட்டிகளும் நம் பள்ளிகளில் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. தோட்டப்புறப் பிள்ளைகள் பரிசு பெற்றுத் திரும்பும்போது பெற்றோரின் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர் எவரும் அவ்விழாக்களைக் குறை கூறத் துணியார். ஆயினும் அங்கு அடிக்கடி காணப்படும் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் ஆய்வை ஐந்து நிமிடம் தங்கு தடையின்றி விளக்குகின்றாள். கையசைவும் குரலேற்றமும் அளவாக அமைந்துள்ளன. நடுவர், “இதை எத்தனை முறை செய்து பார்த்தாய், அம்மா?” என்று வினவுகின்றார். சிறுமி ஆசிரியரைத் திரும்பிப் பார்க்கின்றாள். அவ்வினாவிற்கு விடை அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. குற்றம் சிறுமியுடையது அன்று. நாம் எதை மென்திறன் என்று கருதினோமோ அதை அவள் செவ்வனே கற்றுவந்தாள்.

மென்திறன் என்பது யாது?

இச்சொல் இப்போது பயிற்சிப் பட்டறைகளில் மிகுதியாக வழங்குகின்றது. தன்னம்பிக்கை, பேச்சாற்றல், தலைமைப் பண்பு, தோற்றப் பொலிவு என்பவை அதன் உறுப்புகளாக எண்ணப்படுகின்றன. அறிவியல் என்பது ஒரு பண்டம் எனவும், மென்திறன் என்பது அப்பண்டத்தைப் பொதிந்து கொடுக்கும் பளபளப்பான தாள் எனவும் பலர் கருதுவதாகத் தோன்றுகின்றது. இக்கருத்தே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

நம் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் இவ்வாறு கருதவில்லை. அஃது அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் பன்னிரண்டைக் கூறுகின்றது. உற்றறிதல் முதலாகப் பரிசோதனை செய்தல் ஈறாக அமைந்த அவ்வரிசையில், அளவெடுத்தலுக்கும் ஊகித்தலுக்கும் உடன்பிறப்பாகத் ‘தொடர்பு கொள்ளுதல்’ என்பதும் வைக்கப்பட்டுள்ளது. தான் கண்டதைப் பிறர் சரிபார்க்கத்தக்க வகையில் சொல்லுவது அறிவியலுக்கு வெளியேயுள்ள அணிகலன் அன்று. அறிவியல் வேலையின் ஒரு கூறே அது. பாடத்திட்டத்தை நாள்தோறும் கையாளும் நாம் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கினோமா?

மேலைநாட்டு அறிஞர் இளையோர்க்கு எழுதிய அறிவுரை நூல்களும் இதனையே வற்புறுத்துகின்றன. அறிவியலில் பின்தங்கிய நாடு என்று கருதப்பட்ட ஸ்பெயினில் பிறந்து, நரம்பணுக்களை ஆராய்ந்து, 1906-இல் நோபல் பரிசு பெற்றவர் சந்தியாகோ ரமோன் இ காஹால். அவர் 1897-இல் மத்ரித் நகர அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரை பின்னர் இளம் ஆய்வாளர்க்குரிய அறிவுரை நூலாக விரிந்தது. நூல்களைச் சேர்ப்பதோடு நின்றுவிடுவோர், கருவிகளின் மேல் மையல் கொண்டோர், பெரும்புகழுக்கு மட்டும் ஏங்குவோர் முதலியோரை அவர் மனவுறுதி குன்றிய நோயாளர் என்று வகைப்படுத்தினார். 1960-இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் 1979-இல் வெளியிட்ட அறிவுரை நூலும் இத்தகையதே. எழுதிவைத்ததைப் பார்த்து அவையில் படிக்கலாகாது என்று அவர் கண்டிப்பாகக் கூறுகின்றார். தன் கருதுகோளின்மேல் ஒருவன் கொள்ளும் உறுதி, அக்கருதுகோள் மெய்யாவதற்குத் துணை செய்யாது என்றும் எச்சரிக்கின்றார். தன்னம்பிக்கையையே முதலும் முடிவுமாகப் போதிக்கும் பட்டறைகளுக்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது அன்றோ?

‘அக்னிச் சிறகுக’ளில் நாம் படியாத பக்கங்கள்

நிற்க. நம் பள்ளிகளில் இளம் அறிவியலாளர்க்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் தமிழர் மூவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அருண் திவாரியின் துணையோடு அவர் ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளிவந்த தன்வரலாறு, ‘அக்னிச் சிறகுகள்’ என்ற பெயரில் தமிழில் பரவியது. பேச்சுப் போட்டிகளில் இந்நூலை எடுத்தாளாத மாணவர் அரியர். ஆனால் எடுத்தாளப்படுவது எது? கனவு காண வேண்டும் என்னும் அறிவுரையும், இராமேசுவரத்துச் சிறுவன் செய்தித்தாள் விற்றுப் படித்த வரலாறுமே. இவற்றுக்கு இடைப்பட்ட பக்கங்கள் மூடியே கிடக்கின்றன.

அப்பக்கங்களில் மூன்று செய்திகள் நம் நோக்கத்திற்கு உரியவை. சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றபோது கலாமும் தோழர்களும் ஒரு விமானத்தை வடிவமைக்கும் பணியை ஏற்றனர். பேராசிரியர் சீனிவாசன் அவ்வேலையை மனநிறைவு தராதது என்று தள்ளினார். மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் உணவும் உறக்கமும் மறந்து மீளச் செய்தார். குறை சொல்லப்பட்டதும் உளம் ஒடியாமல் வேலைக்குத் திரும்பும் பழக்கம் இங்கே கற்கத்தக்கது.

இரண்டாவது செய்தி தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமானது. அக்கழகத்தின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருள்பற்றிக் கலாம் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக விளங்கிய தேவன் அப்பரிசை வழங்கினார். விமானப் பொறியியல் மாணவர் ஒருவர் தம் துறையைத் தாய்மொழியில் பொதுமக்களுக்கு விளங்குமாறு எழுதினார் என்பதை நாம் எத்தனை வகுப்பறைகளில் எடுத்துச் சொல்லியிருக்கின்றோம்?

மூன்றாவது, 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் நிகழ்ந்தது. கலாம் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய எஸ்.எல்.வி-3 ஏவுகலம் இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து, 317 வினாடிகளில் பயணம் முடிந்து கடலில் வீழ்ந்தது. பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் நண்பர்கள் தொழில்நுட்பக் காரணங்களை எடுத்துரைத்தனர். கலாமோ எழுந்து, புறப்பாட்டுக்கு முன் தென்பட்ட அமிலக் கசிவைச் சிறிதென்று மதிப்பிட்ட பொறுப்பு தம்முடையதே என்றார். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-இல், அவ்வேவுகலம் 35 கிலோ எடையுள்ள ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. தோல்வியின்போது செய்தியாளர் முன் நின்று பொறுப்பேற்ற சதீஷ் தவான், வெற்றியின்போது அவ்விடத்தைத் தமக்குக் கொடுத்ததைக் கலாம் பல மேடைகளில் நன்றியுடன் கூறியிருக்கின்றார். பழியைத் தான் ஏற்றுப் புகழைப் பிறர்க்கு ஈவது தலைமைப் பண்பாயின், அதைக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

நூலின்மேல் ஒரு குறையும் கூறலாம். கவிதைகளும் பொன்மொழிகளும் இடையிடையே மிகுதியாக விரவியிருப்பதால், மேடைப்பேச்சுக்கு வேண்டியதைக் கிள்ளியெடுத்து எஞ்சியதை விட்டுவிட எளிதாகின்றது. ஆனால் உடனுழைத்தோரின் பெயர்களைப் பக்கந்தோறும் நிறுத்தி நன்றி கூறும் பெருந்தன்மை அக்குறையை ஈடுசெய்கின்றது. அப்பெயர்களைத் தாண்டிச் செல்லும் படிப்பு, நூலின் முதுகெலும்பையே தாண்டிச் செல்லும் படிப்பாகும்.

இராமானுஜன் எழுதிய கடிதம்

இரண்டாமவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது பெரும்பாலும் அற்புதக் கதை. நாமகிரித் தாயார் கனவில் தோன்றினாள், கணக்குகள் வந்தன, வெள்ளையர் வியந்தனர் என்று கதை முடிகின்றது. இக்கதையால் சிறுவன் கற்பது யாது? தனக்குக் கனவு வராவிடில் தான் மேதையாகான் என்பதையே.

உண்மையில் இராமானுஜன் வாழ்க்கை திரும்பியது ஒரு கடிதத்தால். 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்ட அக்கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் அனுப்பினார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறுவதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லாமையையும் அதில் மறைக்காமல் கூறினார். தம் முடிவுகளைத் தாள்களில் நிரப்பி உடன் வைத்தார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவருக்கு எழுதியும் பயன் விளையவில்லை. மூன்றாம் முறையும் எழுதுவதற்கு வேண்டிய நெஞ்சுரம் எத்தகையது என்பதை மாணவர் உணரவேண்டும். ஹார்டியின் விடை வெறும் பாராட்டுரை அன்று. நிறுவல்கள் எங்கே என்னும் வினாவும் அதில் இருந்தது. முடிவு மட்டும் போதாது, வழியும் காட்டப்பட வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விடத்தில் ஒருவர் மறுக்கலாம்: “இராமானுஜன் கூச்சம் மிகுந்தவர், நிறுவல்களை விரித்தெழுதும் பழக்கம் இல்லாதவர், அவர்க்கு மென்திறன் இருந்ததா? இல்லாமலே மேதையாகவில்லையா?” தக்க வினாவே. அவர்க்கு இல்லாத திறனைப் பிறர் இட்டு நிரப்பினர் என்பதே விடை. இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசுவாமி ஐயர் அறிமுகம் தந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி புரிந்தார். துறைமுகக் கழக அலுவலர் நாராயண ஐயர் இரவில் சிலேட்டுகளுடன் உடனிருந்து கணக்கிட்டதாகவும், பிறர்க்கு விளங்குமாறு படிகளை விரித்தெழுத வற்புறுத்தியதாகவும் வரலாறு எழுதியோர் கூறுவர். ஒரு மேதையின் குறையை ஒரு நகரமே நிறைவு செய்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய நகரம் ஏது? நாராயண ஐயர் அமர்ந்த இடத்தில் அவனுக்கு இருப்பவர் அவன் ஆசிரியர் ஒருவரே.

மறுப்பைத் தாங்குதல்

மூன்றாமவர் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935 ஜனவரி 11-ஆம் நாள், இலண்டனில் அரச வானியற் கழகக் கூட்டத்தில் வெண்குறு விண்மீன்களின் பொருண்மைக்கு ஒரு வரம்பு உண்டு என்று அவர் விளக்கினார். அப்போது அவர்க்கு வயது 24. அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன், உலகப் புகழ்பெற்ற மூத்த அறிஞர், அம்முடிவை அவையோர் நகைக்குமாறு மறுத்தார். இளைஞரின் கணக்கில் பிழையில்லை என்று உணர்ந்தோரும் வெளிப்படையாகப் பேசத் தயங்கினர்.

மேடையச்சம் நீக்குவது மட்டுமே பயிற்சியாயின், இத்தகைய நேரத்தில் அப்பயிற்சி என் செய்யும்? சந்திரசேகர் அவையில் கூச்சலிடவில்லை. ஆய்வைக் கைவிடவும் இல்லை. 1939-இல் விண்மீன்களின் கட்டமைப்புப் பற்றிய நூலில் தம் முடிவுகளை ஒழுங்குற எழுதிவைத்துவிட்டு, வேறு துறைகளுக்குச் சென்றார். 1952 முதல் 1971 வரை ஒரு புகழ்பெற்ற வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராயிருந்து பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டார். எடிங்டன் நூற்றாண்டையொட்டி 1982-இல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டபோது, தம்மை அவையில் மறுத்த அவ்வறிஞரின் பெருமையை விரிவாக எடுத்துரைத்தார். மறு ஆண்டு நோபல் பரிசு அவரை அடைந்தது. மறுத்தவரைப் பகைக்காமலும் மறுப்புக்கு அஞ்சி மெய்யை விடாமலும் வாழ்வது எளிதன்று. வள்ளுவர் ‘அவையஞ்சாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னே ‘அவையறிதல்’ என ஓர் அதிகாரத்தையும் வைத்தார். நாம் அஞ்சாமையைக் கற்பிக்கின்றோம், அறிதலை விட்டுவிடுகின்றோம்.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை

இவ்வளவும் கேமரன் மலையின் தோட்டப் பள்ளிக்கு என்ன தொடர்புடையவை என்று வினவலாம். 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலையில் தமிழர் கொழுந்து கொய்து வாழ்ந்தனர். இன்று கொழுந்து கொய்வோரில் அயல்நாட்டார் மிகுதி, எந்திரங்களும் வந்துவிட்டன, நம் குடும்பங்கள் பல ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் அதற்கப்பாலும் பெயர்ந்துவிட்டன. தோட்டப் பள்ளியில் எஞ்சியவர் சிலரே. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அச்சிலரும் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்வர். மலாய்மொழித் தேர்ச்சி குறைந்தோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிப்பர். அங்கே அறிவியற்கூடத்தில் பிள்ளை வாய் மூடி நிற்பதே மிகுதி. மனப்பாடம் செய்த ஐந்து நிமிட உரை அங்கே துணைக்கு வாராது. வேண்டுவது வேறு: விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு, கண்டதைக் கண்டவாறு சொல்லும் பழக்கம், உடன் பயில்வோனோடு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பண்பு.

அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு நம் நாட்டில் நெடிது நடந்தது. 2003 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்தில் கற்பித்தோம்; பின்னர்த் தாய்மொழிக்குத் திரும்பினோம். தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு உரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அவ்வழக்கின் இரைச்சலில், எம்மொழியாயினும் எவ்வாறு விளக்குவது என்னும் வினா அமிழ்ந்துபோயிற்று. தமிழில் தெளிவாக விளக்கப் பழகிய பிள்ளை மலாயிலும் விளக்கக் கற்றுக்கொள்வான். தமிழில் ஒப்பிக்க மட்டும் பழகியவன் எம்மொழியிலும் ஒப்பிப்பான்.

நம் பிள்ளைகள் வெறுங்கையராய் வரவில்லை என்பதையும் கருதவேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நின்று, சாக்குக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, ஏன் இவ்வளவு என்று கேட்டறிந்த பெண்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அளவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்று வினவுவதே அறிவியலின் முதல் வினா. அதனைப் பாட்டி கூலிக்காகக் கேட்டாள். பேத்தி அறிவுக்காகக் கேட்கவேண்டும்.

செய்யத்தக்கது

குறை கூறி நிற்றல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் மூன்று செயல்களைக் கூறுவோம். பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. கூச்சம் மிகுந்த தோட்டத்துப் பிள்ளை நான்கு பேர் முன் வாய் திறப்பதே பெரிய வெற்றி. வாய் திறந்தபின் அவன் சொல்லுவது அவனுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலாவது, குறிப்பேடு. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பது தோட்டத்தார் அறிந்தது. ஒரு பிடி கொழுந்தை நிறுத்து, நிழலில் வாட்டி, நாள்தோறும் மீண்டும் நிறுத்து எழுதச் சொல்லுவோம். என்ன எதிர்பார்த்தாய், என்ன கண்டாய், எங்கே தவறியது, யார் உதவினர் என்னும் நான்கு தலைப்பு போதும். தவறிய எண்ணை அழிக்க விடலாகாது; ஒரு கோடிட்டு அருகே காரணம் எழுதச் செய்தல் வேண்டும். கலாமின் ஆய்வுக்கூட்டப் பண்பு இங்கே முளைவிடும்.

இரண்டாவது, பிறர்க்கு உரைத்தல். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்கூறே என்பதும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும் என்பதும், எஞ்சிய அரைக்கூறு பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதாலேயே வரும் என்பதும் நன்னூலார் கணக்கு. மாணவர் குறைந்த பள்ளியில் பல ஆண்டு மாணவரை ஒரே அறையில் அமர்த்தும் நிலையை நாம் குறையென்றே வருந்துகின்றோம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தன் ஆய்வை விளக்கட்டும். சிறியவன் கேட்கும் “ஏன்?” என்பதைவிடக் கடுமையான நடுவர் வினா இல்லை. பின்னர் அதனையே மலாயிலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, மதிப்பெண் தாள். போட்டி நடத்தும் அன்பர்களுக்கும் நடுவர்களுக்கும் இது நம் வேண்டுகோள். உரையின் ஓட்டத்திற்குத் தரும் மதிப்பெண்ணைக் குறைத்து, வினாவிற்குத் தரும் விடைக்கு மதிப்பெண்ணை மிகுதியாக்குக. பிள்ளையின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து அதற்கும் மதிப்பெண் இடுக. உதவியவர் பெயரைத் தானாகச் சொல்லும் பிள்ளைக்குத் தனி மதிப்பெண் தருக. “தெரியாது, அதைச் செய்து பார்க்கவில்லை, இவ்வாறு செய்து பார்க்கலாம்” என்று விடை கூறும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணே தருக. எதற்கு மதிப்பெண் உண்டோ அதனையே பள்ளிகள் கற்பிக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்த உண்மை. தாள் மாறினால் பயிற்சி மாறும். ஒப்பித்தலுக்குப் பரிசு தரும் வரையில் கிளிகளையே அனுப்பிக்கொண்டிருப்போம்; அப்பிள்ளைகள் மலையிறங்கி அறிவியற்கூடத்தில் வாய்மூடி நிற்கும்போது, அவர்களுக்கு அறிவியல் வராது என்று யாரோ முடிவு கட்டுவர். அம்முடிவு பொய் என்று காட்டவேண்டிய கடமை தொடக்கப்பள்ளி ஆசிரியராகிய நம்முடையது.